படத்திலே பூந்தோட்டம், பக்கத்திலே போனால் சிமெண்டுத் தரை!

ஒன்பதே வினாடி!

டெல்லிக்குப் பக்கத்தில் இருக்கிற நொய்டா நகரம். 2022 ஆகஸ்டு 28-ந் தேதி மத்தியானம் இரண்டரை மணி. குதுப்மினாரை விட உயரமான இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்கள் பொலபொலவென்று சரிந்து மண்ணோடு மண்ணாயின. பூகம்பம் இல்லை. சதி வேலை இல்லை. சுப்ரீம் கோர்ட்டு உத்தரவுப்படி சுமார் 3,700 கிலோ வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள்.

அந்தக் கட்டடங்கள் செய்த குற்றம் என்ன? தோட்டத்தைத் தின்றதுதான்!

கொலை செய்தவனுக்குத் தூக்கு என்று ஜனங்கள் கேள்விப்பட்டிருக்கிறார்கள். பூங்காவைத் தின்ற கட்டடத்துக்கு மரண தண்டனை என்பது புதுசு. அதனால்தான் நாடே டி.வி. முன்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. பார்த்து முடித்ததும் எழுந்து போய்விட்டது. எதற்காக இடித்தார்கள் என்பது பாதிப் பேருக்கு மறந்தே போச்சு.

சூப்பர்டெக் என்ற கம்பெனி கட்டிய "எமரால்டு கோர்ட்" குடியிருப்பில் முதலில் வீடு வாங்கியவர்களுக்கு ஒரு பிளான் காட்டினார்கள். அதில் ஒரு பக்கம் பச்சையாக, தோட்டம் என்று இருந்தது. காசைக் கொட்டி வாங்கினார்கள். குடி வந்தார்கள். பிறகு பிளானைத் திருத்தினார்கள். தோட்டம் இருந்த இடத்தில் இரண்டு கோபுரங்கள் கிளம்பின. 40 மாடி வரைக்கும் அனுமதி! பக்கத்துக் கட்டடத்துக்கும் இதற்கும் நடுவில் 16 மீட்டர் விட வேண்டிய இடத்தில் 9 மீட்டர்தான் விட்டார்கள். ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுச் சுவர்!

ஏற்கெனவே குடியிருந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்கவில்லை. குடியிருப்போர் சங்கத்துப் பெரியவர்கள் விடவில்லை. 2012-ல் அலகாபாத் ஐகோர்ட்டுக்குப் போனார்கள். 2014 ஏப்ரலில் "இடி" என்று தீர்ப்பு. கம்பெனி சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடியது. 2021 ஆகஸ்டு 31-ல் அங்கேயும் அதே தீர்ப்பு. வீட்டுக்குப் பணம் கட்டியவர்களுக்கு 12 சதவீத வட்டியோடு திருப்பிக் கொடுக்க வேண்டும், சங்கத்துக்கு 2 கோடி ரூபாய் கொடுக்க வேண்டும் என்றும் உத்தரவு. நகர அதிகாரிகளும் கம்பெனியும் கைகோத்துக்கொண்டதைக் கோர்ட்டு கடுமையாகக் கண்டித்தது.

ஒரு தோட்டத்துக்காகப் பத்து வருஷம் கோர்ட்டு வாசல் ஏறி இறங்கினார்கள் அந்த மனிதர்கள்.

நமக்கென்ன?

"நொய்டா கதை நமக்கெதுக்கு? வத்திராயிருப்பில் 40 மாடியா கட்டப் போறாங்க?" என்று டீக்கடையில் கேட்பார்கள்.

நியாயமான கேள்வி. 40 மாடி வராது. ஆனால் நாலு மாடி வரும். வத்திராயிருப்பு இப்போது தனித் தாலுகா. சதுரகிரி மலைக்குப் போகிற கூட்டம் இந்த ஊரைத் தாண்டித்தான் தாணிப்பாறை போகிறது. பிளவக்கல் அணைக்குப் போகிறவர்களும் இந்த வழிதான். 2025-ல் ஒரு ஆள் போட்ட ரீல்ஸ் வீடியோவால் பக்கத்துக் கூமாப்பட்டியின் பேர் தமிழ்நாடு பூராவும் பரவியது. அணையைப் பார்க்க வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். பேர் பரவினால் முதலில் வருவது டூரிஸ்டு. இரண்டாவது வருவது ரியல் எஸ்டேட் போர்டு. "மலைக் காட்சி", "மூலிகைக் காற்று", "பசுமை வளாகம்" என்று வர்ணமடித்த படத்தைக் காட்டி வீடு விற்பதற்கு இதைவிட வாகான இடம் வேறு எது?

படத்தில் பசுமை இருக்கும். கட்டி முடித்த பிறகு இருக்குமா என்பதுதான் கேள்வி. அதை யார் பார்ப்பது?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சிகளில் அடுக்குமாடி ஒன்றும் புதுசில்லை. அங்கே நகரமைப்பு பார்க்கிறதற்கென்று ஆள் உண்டு. பேரூராட்சியில் செயல் அலுவலர்தான் வரி, குப்பை, தண்ணீர், தெரு விளக்கு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். நடுவில் பிளானையும் பார்க்க வேண்டும். பெரிய கட்டடம் என்றால் நகர் ஊரமைப்புத் துறைக்குப் போகும். சின்னது என்றால் உள்ளூரிலேயே முடிந்துவிடும். அதில் மரம் எங்கே, போர்டு எங்கே என்று நுணுக்கமாகப் பார்க்க நேரம் ஏது?

74 சென்ட் கணக்கு

சட்டம் இல்லாமல் இல்லை. 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் சொல்கிற கணக்கைக் கேளுங்கள். இடம் 10,000 சதுர மீட்டருக்கு மேலே இருந்தால் (சுமார் இரண்டரை ஏக்கர்) பத்தில் ஒரு பங்கைப் பொது ஜனங்களுக்கான திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்துவிட வேண்டும். 3,000 சதுர மீட்டருக்கு மேல் 10,000 வரை என்றால் நிலமாகவும் கொடுக்கலாம். வழிகாட்டி மதிப்புப்படி பணமாகவும் கட்டலாம். 3,000-க்குக் கீழே என்றால் ஒன்றுமே கிடையாது.

3,000 சதுர மீட்டர் என்பது நம்ம ஊர்க் கணக்கில் சுமார் 74 சென்ட். வத்திராயிருப்பில் பஸ் போகிற ரோட்டை ஒட்டி 74 சென்டுக்கு மேல் ஒரே துண்டாக வாங்கி அடுக்குமாடி கட்டுகிறவர் எத்தனை பேர்? 20 சென்ட், 30 சென்டில்தான் கட்டுவார்கள். அப்படியே பெரிய இடமாக இருந்தாலும் பணத்தைக் கட்டிவிட்டுப் போய்விடலாம். பணம் கஜானாவில் இருக்கும். அதன் கீழே நிழலுக்கு ஒதுங்க முடியாது.

அடுத்த வலை ரெரா சட்டம். 2016-ல் பார்லிமெண்டு போட்ட சட்டம். நல்ல சட்டம்தான். விளம்பரத்தில் ரெரா பதிவு எண்ணைப் போட வேண்டும். அனுமதியான பிளானைக் கட்டட இடத்திலேயே எல்லாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். விளம்பரத்தில் தோட்டம் என்று சொல்லி ஏமாற்றினால் வாங்கியவர் நஷ்டஈடு கேட்கலாம். பணத்தையே வட்டியோடு திருப்பிக் கேட்கலாம். பொது இடத்தை மாற்றுவதென்றால் வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் எழுத்து மூலம் சம்மதிக்க வேண்டும். நொய்டாவில் நடந்த மாதிரி ஊமைக் கொள்ளை அடிக்க முடியாது.

ஆனால் இந்த வலையிலும் ஒரு ஓட்டை! நிலம் 500 சதுர மீட்டருக்கு (12 சென்ட் சில்லறை) உட்பட்டிருந்தாலோ, வீடுகள் எட்டுக்கு மேல் போகாவிட்டாலோ பதிவே வேண்டாம்.

மூன்றாவது, கட்டி முடித்த சான்று. அது இருந்தால்தான் கரண்டு, தண்ணீர் இணைப்பு. பிளானில் போட்டதைக் கட்டியிருக்கிறானா என்று அதிகாரி வந்து பார்க்கிற முக்கியமான சந்தர்ப்பம் அது. 2024-ல் அதிலும் ஒரு சலுகை. 14 மீட்டர் உயரத்துக்குள், எட்டு வீட்டுக்குள், 750 சதுர மீட்டர் பரப்புக்குள் இருக்கிற குடியிருப்புக் கட்டடங்களுக்கு அந்தச் சான்று தேவையில்லை என்று விலக்கு கொடுத்துவிட்டார்கள். சாதாரண ஜனங்கள் ஒவ்வொரு ஆபீசாக அலையக் கூடாது என்கிற நல்ல எண்ணம்தான். அதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் கூட்டிக் கழித்துப் பாருங்கள். எட்டு வீடு கட்டினால் ரெரா கேட்காது. எட்டு வீடு கட்டினால் முடித்த சான்றும் வேண்டாம். இடம் சின்னது, திறந்தவெளியும் விட வேண்டாம். பட்டணத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை இது. வத்திராயிருப்பு மாதிரி ஊரில் வரப் போகிற அடுக்குமாடி, மூன்று வலையிலும் சிக்காமல் நழுவுகிற மீன்!

ஆக, பிளானுக்குக் கையெழுத்துப் போடுகிற அந்த ஒரு நாள்தான் மிச்சம். அன்றைக்குப் பார்க்காவிட்டால் அப்புறம் யாரும் பார்க்கப் போவதில்லை.

செப்டிக் டேங்க்

பிளானில் ஒரு கட்டடத்தைச் சுற்றிக் காலி இடம் விட்டிருப்பார்கள். அதில் சின்னச் சின்ன வட்டமாக மரம் வரைந்திருப்பார்கள். பார்க்க ஜோராக இருக்கும். கட்ட ஆரம்பித்தால்தான் விஷயம் தெரியும்.

முன் பக்கக் காலி இடத்தில் தண்ணீர்த் தொட்டி. பின் பக்கத்தில் செப்டிக் டேங்க். ஒரு மூலையில் போர், இன்னொரு மூலையில் ஜெனரேட்டர். மிச்சம் இருக்கிற இடத்தில் கார் திரும்ப வேண்டும். பிறகு மரம் எங்கே நிற்கும்? டேங்கின் மூடி மேலே நாலு தொட்டியில் குரோட்டன்ஸ் வைப்பார்கள். கிரகப்பிரவேசத்துக்குப் பச்சையாக இருக்கும். அடுத்த சித்திரை வெயிலில் காய்ந்து கருகும்.

ஒரு வேம்பு, ஒரு புங்கை வளர வேண்டுமானால் மூன்றடிக்கு மூன்றடி குழியும், அதற்குக் கீழே கல் காரை இல்லாத மண்ணும் வேண்டும். வேர் எங்கே போகும் என்பதைச் செப்டிக் டேங்க் எங்கே வரும் என்பதோடு சேர்த்துப் பிளானிலேயே முடிவு செய்ய வேண்டும். கட்டின பிறகு "மரத்துக்கு ஒரு இடம் பாருப்பா" என்றால் மேஸ்திரி சிரிப்பார். 2003-ல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அந்தக் குழியும் இந்தக் காலி இடத்தில்தான் வர வேண்டும். சுற்றிலும் சிமெண்டுப் பூச்சு பூசிவிட்டால் மழைத் தண்ணீர் ரோட்டுக்குத்தான் ஓடும்.

எந்த மரம் என்பதும் முக்கியம். சீக்கிரம் வளரும், பச்சைச் சுவர் மாதிரி நிற்கும் என்று கோனோகார்ப்பஸ் என்ற வெளிநாட்டுச் செடியை வளாகம் வளாகமாக நட்டார்கள். அதன் வேர் குழாயைப் பிளக்கிறது, மகரந்தம் மூச்சுக்கு ஆகாது என்று சொல்லிக் குஜராத் அரசு 2023-ல் தடை போட்டது. 2025-ல் தமிழ்நாடும் தடை போட்டது. வத்திராயிருப்புக்கு மேற்கே இருக்கிற மலை, 2021-ல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். அதற்கு முன்பே அது சாம்பல் நிற அணில் சரணாலயம். அந்த அணில் தரையில் இறங்கி நடக்கிற பிராணி அல்ல. மரத்துக்கு மரம் தாவுகிற பிராணி. அடிவாரத்தில் இருக்கிற மாமரமும் புளியமரமும் போய் அழகுக்கு நட்ட ஈச்சமரமும் புல்தரையும் வந்தால் அதற்குக் கிளை இல்லை. மனுஷனுக்கும் நிழல் இல்லை.

கட்டுகிறவர்களை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. வீடு வாங்க வருகிறவர் முதலில் கேட்பது கார் நிறுத்த இடம் இருக்கா என்றுதான். மரம் இருக்கா என்று கேட்பவர் நூற்றில் ஒருத்தர். குடி வந்த பிறகு "இலை உதிருது, குப்பை சேருது, பூச்சி வருது" என்று சொல்லி, இருக்கிற ஒற்றை மரத்தையும் வெட்டச் சொல்கிற சங்கங்களும் உண்டு.

ஆனாலும் வெட்டுவதா வைப்பதா என்று முடிவு செய்ய முதலில் ஒரு மரம் இருக்க வேண்டுமே!

ஆடிக்காற்று

இனி போர்டு விவகாரம்.

அடுக்குமாடிக்கு அஸ்திவாரம் போடுவதற்கு முன்னாலேயே போர்டு ஏறிவிடும். ரோட்டோர மரத்தில் ஆணி அடித்துத் தகரம். முச்சந்தியில் பேனர். மொட்டை மாடியில் இரும்புச் சட்டம் கட்டி ராட்சதப் பலகை. "பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்தே நிமிடம்" என்று எழுதியிருப்பார்கள். எந்த வாகனத்தில் ஐந்து நிமிடம் என்பது கம்பெனிக்கே வெளிச்சம்.

இது கண்ணுக்கு அசிங்கம் என்கிற பேச்சோடு முடிகிற விஷயமில்லை. உயிர் போகிற விஷயம்.

சென்னை பள்ளிக்கரணையில் 2019 செப்டம்பர் 12-ந் தேதி ஸ்கூட்டரில் போன இளம் பெண் என்ஜினீயர் மேலே ரோட்டு நடுவில் கட்டிய பேனர் விழுந்தது. தடுமாறி விழுந்தவர் மேல் தண்ணீர் லாரி ஏறியது. கோவை கருமத்தம்பட்டியில் 2023 ஜூன் 1-ந் தேதி விளம்பரப் பலகைச் சட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது காற்றில் அது சாய்ந்து 3 தொழிலாளிகள் பலி. மும்பை காட்கோபரில் 2024 மே 13-ந் தேதி புழுதிக் காற்றில் பெட்ரோல் பங்க் மேலே விழுந்த பலகைக்கு 17 உயிர் பலி! அனுமதி உள்ள அளவு 40 அடிக்கு 40 அடி. அங்கே நின்றது 120 அடிக்கு 120 அடி!

மூன்று இடத்திலும் பிறகுதான் அதிகாரிகள் ஓடினார்கள். பிறகுதான் அளந்தார்கள். பிறகுதான் கணக்கெடுத்தார்கள்.

வத்திராயிருப்பு மலையடிவாரம். ஆடி மாசம் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று ஊர்க்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மியே பறக்கும் என்பார்கள். தகரம் பறக்காதா? அதே ஆடியில்தான் அமாவாசைக்குச் சதுரகிரி போகிற கூட்டம் இந்த ரோட்டில் நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. காற்றும் கூட்டமும் ஒரே மாசம்! மொட்டை மாடிப் பலகையின் போல்ட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று ஆனியிலேயே ஏறிப் பார்க்க ஆள் உண்டா?

விளம்பரப் பலகைக்கு உள்ளாட்சியின் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் வைத்தால் சிறைத் தண்டனை வரைக்கும் உண்டு என்று 2023-ல் அரசே எச்சரித்தது. ஆனால் கட்டடத்தின் சொந்தப் பேர்ப் பலகை? "எங்க பில்டிங், எங்க பேரு" என்பார்கள். எத்தனை அடி நீளம், எத்தனை உயரத்தில், ராத்திரி பூரா எரிகிற விளக்கு எதிர் வீட்டுப் படுக்கையறைக்குள் அடிக்குமா, வளைவில் வருகிற பஸ் டிரைவருக்கு ரோட்டை மறைக்குமா, இதையெல்லாம் பிளானோடு சேர்த்துக் கேட்டுவிட்டால் பிறகு சண்டை இல்லை. கட்டடம் எழும்பின பிறகு கேட்டால் அதற்குப் பேர் தகராறு.

வேடிக்கை என்னவென்றால், சட்டமே வைக்கச் சொல்கிற ஒரு போர்டு உண்டு. அனுமதி எண், எத்தனை மாடி, எத்தனை வீடு என்று விவரம் எழுதிக் கட்டட வாசலில் வைக்கிற பலகை. சென்னையில் சி.எம்.டி.ஏ. அந்தப் பலகையை ஒழுங்காக வைப்பதற்கென்றே பெரிய கட்டடக்காரர்களிடம் தனியாக 10,000 ரூபாய் டெபாசிட் வாங்குகிற வழக்கம் வைத்திருக்கிறது. பத்தாயிரம் போனால் போகட்டும் என்று வைக்காமல் விடுகிறவர்கள் இருக்கலாம். ஆனாலும் யோசனை நல்ல யோசனை.

வத்திராயிருப்பு பேரூராட்சியில் அதையே கொஞ்சம் பெரிதாகச் செய்தால் என்ன? மரத்துக்கு ஒரு டெபாசிட். நட்ட மரம் இரண்டு கோடை தாண்டி உயிரோடு நின்றால் பணம் வாபஸ். காய்ந்து போனால் அந்தப் பணத்தில் பேரூராட்சியே நட்டுக்கொள்ளட்டும். இதற்கு மன்றத்தில் தீர்மானம் போட வேண்டும், மேலிடத்தில் ஒப்புதல் கேட்க வேண்டும். கேட்கலாமே. கேட்டால் இல்லை என்றா சொல்வார்கள்?

பூங்கா யாருக்குச் சொந்தம்?

பிளானைப் பற்றிக் கேட்க ஊர்க்காரனுக்கு என்ன உரிமை, வாங்கினவன் கேட்டுக்கட்டும் என்று சிலர் சொல்லக்கூடும். இந்தக் கேள்விக்கு சுப்ரீம் கோர்ட்டு 1991-லேயே பதில் சொல்லிவிட்டது. பெங்களூரில் ராஜ்மகால் விலாஸ் விரிவுப் பகுதியில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை, மேலிடத்து உத்தரவில் ஒரு தனியார் அமைப்புக்கு ஆஸ்பத்திரி கட்டக் கொடுத்தார்கள். அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். "இவர்களுக்கு என்ன சம்பந்தம்?" என்று எதிர்த் தரப்பு வாதாடியது. பூங்காவை இழந்தால் பாதிக்கப்படுவது அந்த ஜனங்கள்தான், கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு என்று கோர்ட்டு சொன்னது. ஆஸ்பத்திரி நல்ல காரியம் இல்லையா என்ற வாதமும் எடுபடவில்லை. ஒதுக்கீடு ரத்து!

ஆகவே, தெருவில் குடியிருக்கிறவர் தாராளமாகக் கேட்கலாம். பேரூராட்சி ஆபீசில் போய்ப் பக்கத்துக் கட்டடத்தின் பிளான் நகல் வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கொடுக்கலாம். மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். இரண்டு டீக் காசுக்கும் குறைச்சல்.

வீடு வாங்குகிறவர் அட்வான்சு கொடுப்பதற்கு முன்னால் விளம்பரப் படத்தையும் அனுமதிப் பிளானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். எட்டு வீட்டுக்குள் அடங்கிய கட்டடமானால் பத்திரத்திலேயே, ஒப்பந்தத்திலேயே "இன்ன பக்கம் இத்தனை அடி தோட்டம், இத்தனை மரம், மொட்டை மாடியில் விளம்பரப் பலகைக்கு வாடகை விடக் கூடாது" என்று எழுதி வாங்கட்டும். மொட்டை மாடியை விளம்பரக் கம்பெனிக்கு விட்டுக் காசு பார்க்கிற ஆசை பின்னால் யாருக்கும் வரலாம். பலகை விழுந்தால் அடிபடுகிறவர் கீழே நிற்கிற பால்காரர்.

பேரூராட்சிக்கு ஒரு கோரிக்கை. அடுக்குமாடிக்கு மனு வந்தால், அனுமதி கொடுப்பதற்கு முன்னால், மரமும் போர்டும் குறித்த அந்தப் பிளானின் நகலைப் பதினைந்து நாள் ஆபீஸ் வாசலில் ஒட்டி வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்ப்பார். "ஐயா, இங்கே மரம் போட்டிருக்கீங்க, இது எங்க வாய்க்கால் போற வழியாச்சே" என்பார். "இந்த மூலையில போர்டு வச்சா பஸ் திரும்பாதே" என்பார் டிரைவர். பட்டணத்து என்ஜினீயருக்குத் தெரியாத பத்து விஷயம் அந்தத் தெருக்காரனுக்குத் தெரியும். அதைக் கேட்டுக்கொண்டு பிறகு கையெழுத்துப் போடுங்கள். மறு வருஷம் ஒரு நாள் போய், வரைந்த வட்டமெல்லாம் மரமாக நிற்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், கூடுதல் ஆள் வேண்டாம். ஒரு அறிவிப்புப் பலகை ஏற்கெனவே ஆபீஸ் வாசலில் இருக்கும். நாலு குண்டூசி வாங்கினால் போதும். அடுத்த மனுவிலிருந்து ஆரம்பிப்பார்களா?